பத்திரம் பேசும், தீர்ப்பும் பேசும்
வணிகம் செய்த முன்னோரைத் தேடும் முறை: ஒரு பாடம்

நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை உழவைத் தொழிலாகக் கொண்டவை. எனினும் உழவோடு நில்லாமல் நெல், எண்ணெய், துணி, அவுரி நீலம், வேர்க்கடலை ஆகியவற்றில் வணிகமும் செய்த முன்னோர் ஒருவரேனும் பல குடும்பங்களில் இருந்திருக்கின்றனர். அவரைப் பற்றி வீட்டில் வழங்கும் கதை பெரும்பாலும் ஒரே வகையானது. "பெரிய செல்வர், வண்டி வண்டியாகச் சரக்கு ஏற்றினார், பின்பு எல்லாம் போயிற்று." எப்படிப் போயிற்று என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவர். யாரேனும் ஒரு பங்காளியின் மீது பழியும் விழுந்திருக்கும்.

இக்கதையின் உண்மையை அறிய வழி உண்டா? உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நிலம் வைத்திருந்தவரும் கடன் கொடுத்து வாங்கியவரும் அரசின் ஏடுகளில் இடம் பெறாமல் தப்பியதில்லை. வரி கட்டினால் ஒரு பதிவு. விற்றால் ஒரு பதிவு. வழக்காடினால் நூறு பதிவு. அவற்றைத் தேடிப் படிக்கும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பழக்கத்தால் இதனைப் பாடமாகவே அமைத்துள்ளோம்; பொறுத்தருள்க.

1. வீட்டிலிருந்து தொடங்குக

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது கற்பித்தலின் முதல் விதி. ஆகவே முதலில் அலுவலகங்களுக்கு ஓடுதல் வேண்டா. வீட்டுப் பரணையும் பழைய பெட்டியையும் பாருங்கள். பட்டா, கிஸ்தி ரசீது, கிரயச்சீட்டு, அடமானக் கடன்முறி, பாகப்பத்திரம், பேரேட்டுக் கணக்குப் புத்தகம், ஓலைக் கட்டு ஆகியவற்றுள் எது கிடைப்பினும் அது திறவுகோலாகும். நமக்கு வேண்டியவை மூன்று: ஊரின் பெயர், நில அளவை எண், முன்னோரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும்.

மூன்றாவதில் தனிக் கவனம் வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. எனவே ஒரே பெயருடைய இருவர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருவர். பத்திரத்தில் முன்னோரின் பெயரைக் கண்டவுடன் மகிழ்ந்து குறித்துக்கொள்ளாமல், "இன்னார் குமாரர்" என்ற பகுதியையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறே "நயினார்" என்ற சொல் கண்ட இடமெல்லாம் நம்மவர் என்று முடிவு செய்தலும் ஆகாது. அப்பெயரைப் பிற சமயத்தாரும் சாதியினரும் தாங்கியுள்ளனர்.

2. காலத்தையும் கணக்கையும் படித்தல்

பழைய ஆவணத்தில் ஆண்டு மூன்று வகையாக வரும்: அறுபது ஆண்டுச் சுற்றில் வரும் தமிழ் ஆண்டின் பெயர், பசலி, ஆங்கில ஆண்டு. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் ஐயம் எழும். எடுத்துக்காட்டாக, "பராபவ ஆண்டு ஐப்பசி மாதம்" என்று ஓர் ஓலை கூறுமாயின் அது 1846ஆகவும் இருக்கலாம், 1906ஆகவும் இருக்கலாம். பசலி எண் கூடவே இருந்தால் ஐயம் தீரும். சென்னை மாகாணத்துப் பசலியுடன் 590ஐக் கூட்டினால், அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1256 என்றால் 1846. பசலி 1316 என்றால் 1906. பசலி ஜூலை மாதம் தொடங்குவதால், ஒரே தமிழ் ஆண்டின் சித்திரையும் ஐப்பசியும் வெவ்வேறு பசலிகளில் விழும் என்பதையும் நினைவிற் கொள்க.

பணத்தில், 1818ஆம் ஆண்டுக்கு முன் சென்னையில் வராகனே பெருவழக்கு. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. வெள்ளி ரூபாய் நிலைபெற்றபோது வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கிட்டனர். எனவே 200 வராகன் கடன் என்பது 700 ரூபாய்க் கடனாகும்.

நில அளவில், ஒரு காணி என்பது 24 மனை, அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். பங்கு கூறும்போது கால், அரைக்கால், மாகாணி, மா, முந்திரி எனப் பின்னங்கள் வரும். மா என்பது இருபதில் ஒரு பங்கு. மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இவற்றின் பழைய குறியீடுகளை அறிந்த முதியோர் இன்னும் சில ஊர்களில் உள்ளனர். அவர்களிடம் நம் பிள்ளைகள் இப்போதே கற்றுக்கொள்ளல் நன்று.

3. நில ஏடுகள்

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை நிலவியது. உழுகுடியின் பெயரிலேயே பட்டா அளித்து அவரிடமே வரி வாங்கியதால், சிறு நிலக்காரரின் பெயரும் ஏட்டில் ஏறியது. இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பைமாஷ் கணக்குகள் நிலத்தின் பெயர், எல்லை, அனுபவிப்பவர் ஆகியவற்றைக் கூறுவன. 1858க்குப் பின் முறையான நில அளவை நடந்து செட்டில்மென்ட் பதிவேடுகள் உருவாயின. அதே 1858இல் அமைந்த இனாம் கமிஷன் கோயில் நிலங்களையும் மானிய நிலங்களையும் ஊர் ஊராக விசாரித்தது. அதன் பதிவேட்டில் மானியத்தை முதலில் பெற்றவர் யார், விசாரணைக் காலத்தில் அனுபவித்தவர் யார், இருவருக்கும் உள்ள உறவு யாது என்பனவும் எழுதப்பட்டன. வம்சாவளி தேடுவோர்க்கு இது சுரங்கம் போன்றது. நம் ஊர் ஜினாலயங்களின் நிலங்களைப் பற்றி அறிய விரும்புவோரும் முதலில் நாட வேண்டிய ஏடு இதுவே.

1980ஆம் ஆண்டு நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் அரசு அலுவலர் வசம் வந்தன. ஆயினும் சில பழங்கணக்குகள் கர்ணம் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அத்தகைய வீட்டாரை அன்போடு அணுகிக் கேட்டால் பார்க்க இசைவர்.

மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. 1989இல் வட ஆர்க்காடும் 1993இல் தென் ஆர்க்காடும் பிரிக்கப்பட்டன. 2019இல் மீண்டும் புதிய மாவட்டங்கள் தோன்றின. திண்டிவனமும் செஞ்சியும் அன்று தென் ஆர்க்காட்டின் பகுதிகள். வந்தவாசியும் ஆரணியும் வட ஆர்க்காட்டின் பகுதிகள். இன்று எந்த மாவட்டம் என்பதை விட அன்று எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்பதையே முதலில் குறித்துக்கொள்க. மாகாண அளவிலான ஏடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

4. பதிவு அலுவலக ஏடுகள்

1864ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆவணப் பதிவு முறை நாடெங்கும் ஒழுங்குபெற்று, 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1908ஆம் ஆண்டின் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதற்புத்தகம் நிலம், வீடு பற்றிய ஆவணங்களுக்கு உரியது; மூன்றாம் புத்தகம் உயில்களுக்கு உரியது. பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் உண்டு. அளவை எண் தெரியாதவர் பெயர்வாரி அட்டவணையைக் கொண்டு தேடலாம். கட்டணம் செலுத்தித் தேடுதல் மனு அளித்தால் பழைய பத்திரங்களின் நகலைப் பெறலாம்.

பத்திரம் படிக்கும்போது தொகையை மட்டும் பார்த்தல் போதாது. மூன்று இடங்களில் கண் ஊன்றுக. முதலாவது, "நாளது தேதியில் எனக்கு இன்ன காரியத்துக்காகப் பணம் வேண்டியிருப்பதால்" என்று வரும் முகவுரை. கடனின் காரணம் அங்கே இருக்கும். இரண்டாவது, எல்லை விவரம். பக்கத்து நிலக்காரர்கள் பெரும்பாலும் உறவினராகவே இருப்பர். மூன்றாவது, சாட்சிக் கையொப்பம். பகை கொண்டவர் சாட்சியாக வருவது அரிது.

5. நீதிமன்ற ஏடுகள்

சென்னை நகரத்தில் 1726ஆம் ஆண்டின் அரச சாசனப்படி மேயர் கோர்ட்டு புதிதாக அமைந்தது. அதன் பின் 1798இல் ரிக்கார்டர் கோர்ட்டும், 1801இல் சுப்ரீம் கோர்ட்டும், 1862இல் இன்றைய உயர்நீதிமன்றமும் வந்தன. மேயர் கோர்ட்டின் வழக்குரைகள் சில, புனித ஜார்ஜ் கோட்டை ஆவண வரிசையில் அச்சாகியுள்ளன. வெளியூர்களில் 1802இல் ஜில்லா கோர்ட்டுகள் அமைந்தன. 1816க்குப் பின் ஜில்லா முன்சீப்புகளின் அதிகாரம் விரிந்தது. உயர்நீதிமன்றத்தின் குறிப்பிடத்தக்க தீர்ப்புகள் 1876 முதல் இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் அச்சாயின.

வணிகர் ஒருவரின் வாழ்வை நீதிமன்றம் எவ்வாறு காத்துத் தருகிறது என்பதற்குப் பச்சையப்ப முதலியார் சிறந்த சான்று. 1754இல் எளிய குடும்பத்தில் பிறந்து, துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டி, 1794இல் அறங்களுக்காக உயில் எழுதி அவ்வாண்டிலேயே மறைந்தார். அறப்பணம் உரியவாறு செலவாகவில்லை. நெடிய வழக்கு நடந்தது. சுப்ரீம் கோர்ட்டின் ஆணையால் அறங்கள் ஒழுங்குபெற்றன. எஞ்சிய பணத்தைக் கொண்டு 1842இல் பள்ளி தோன்றியது. இன்றைய பச்சையப்பன் கல்லூரியின் தொடக்கம் அதுவே. வழக்கு நடவாதிருந்தால் அவ்வணிகரின் விருப்பம் என்ன என்பதே உலகுக்குத் தெரியாமற் போயிருக்கலாம்.

வணிகம் முறிந்த முன்னோரைத் தேடுவோர் இரு வகை ஏடுகளை மறத்தலாகாது. ஒன்று, நொடிப்பு வழக்குகள். 1906 அக்டோபர் 22இல் சென்னை ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தபோது, அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நலிந்தன. நம் குடும்பத்துச் செல்வம் 1906ஐ ஒட்டிக் கரைந்தது என்று கேள்விப்பட்டால் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றொன்று, உயில் மெய்ப்பித்தல் ஏடுகள். 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் சென்னை நகரத்துக்கும் பொருந்தியது. அது இந்துக்களோடு ஜைனரையும் பெயர் சொல்லிக் குறித்தது. நகரத்தில் சொத்து வைத்திருந்த நம்மவர் உயில்கள் அங்கே இருக்கக்கூடும்.

ஏடுகளில் நம் சமயம் எப்போதும் ஒரே வகையாக எழுதப்படவில்லை என்பதையும் அறிக. ஜைனர் என்று ஓரிடத்திலும் இந்து என்று மற்றோரிடத்திலும் காணலாம். இது பற்றி நீதிமன்றங்களிலேயே வாதம் நடந்துள்ளது. 1927இல் தத்து பற்றிய ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர் என்ற கருத்தைத் தெரிவித்தார்.

வழக்குக் கட்டுகள் முழுவதும் என்றும் இருப்பதில்லை. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி பல தாள்கள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படுகின்றன. ஆதலின் தேடுவோர் காலம் தாழ்த்தலாகாது.

6. ஒரு மாதிரித் தேடல்

முறையைச் சொன்னால் போதாது. செய்து காட்டல் வேண்டும். எம் குடும்பத்துச் செய்தியையே எடுத்துக்கொள்கிறோம். பெயர்களை விலக்கியுள்ளோம்.

எம் கொள்ளுப்பாட்டனாரும் அவர் தம்பியும் தென் ஆர்க்காட்டில் அவுரி பயிரிட்டு, நீலத்தொட்டி கட்டி, நீலக்கட்டி விற்றவர்கள். தம்பி வெற்றுத்தாளில் அண்ணனின் கையொப்பம் வாங்கி நிலத்தைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டார் என்பது எம் கிளையில் வழங்கிய கதை. இதனால் ஒரே தெருவில் இருந்த இரு கிளையினரும் மூன்று தலைமுறையாக ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் செல்வதில்லை.

முதற்படி: பெட்டியில் கிடைத்த கிஸ்தி ரசீதிலிருந்து ஊரும் பட்டா எண்ணும் தெரிந்தன.

இரண்டாம் படி: பதிவு அலுவலகப் பெயர்வாரி அட்டவணையில் ஐந்து ஆவணங்கள் கிடைத்தன. முதலிரண்டும் அடமானம். இரண்டிலும் அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்தே கையொப்பமிட்டுள்ளனர். "நீல வியாபார வகைக்காக" என்பதே காரணம். மூன்றாவது, நீதிமன்ற ஏலச் சான்று. நிலத்தையும் வீட்டையும் அயலார் ஒருவர் ஏலத்தில் எடுத்திருக்கிறார். நான்காவது, அந்த ஏலதாரர் தம்பிக்கு எழுதிய கிரயம். தம்பியின் மனைவியின் நகைகளை விற்ற பணத்தால் தொகை செலுத்தப்பட்டதாக அதில் கண்டிருக்கிறது. ஐந்தாவது, அண்ணனின் மனைவிக்கு வீட்டின் மேல்பாதியை ஆயுள் வரை அனுபவிக்கத் தம்பி எழுதிக் கொடுத்த பத்திரம்.

மூன்றாம் படி: ஏலச் சான்றில் இருந்த வழக்கு எண்ணைக் கொண்டு முன்சீப் கோர்ட்டுப் பதிவேட்டைப் பார்த்தோம். வாதி கடன் கொடுத்தவர். சகோதரர் இருவரும் முதல், இரண்டாம் பிரதிவாதிகள். வழக்கு நடக்கும்போதே முதற்பிரதிவாதி இறந்தார் என்றும், மைனர் மகனுக்குத் தாய் கார்டியனாகச் சேர்க்கப்பட்டார் என்றும் குறிப்பு உள்ளது.

நான்காம் படி: ஊர் வரலாற்றை உலக வரலாற்றோடு பொருத்துதல். அடமானங்களும் வழக்கும் 1897க்குப் பிந்திய ஆண்டுகளில் நிகழ்ந்தவை. 1897இல்தான் ஜெர்மானியத் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி நீலத்தின் விலை வீழ்ந்து, வங்காளம் முதல் தென் ஆர்க்காடு வரை நீல வணிகர் நலிந்தனர்.

இப்போது நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நிலத்தைக் கொண்டுபோனது தம்பியின் சூழ்ச்சியன்று. விலை வீழ்ச்சியும் வட்டியும் ஆகும். போன நிலத்தில் ஒரு பகுதியையும் வீட்டையும் மீட்டவர் அந்தத் தம்பியே. அப்படியானால் பழி எங்கிருந்து பிறந்தது? கணவரை இழந்த இளம்பெண், எழுதப் படிக்க அறியாதவர். ஐந்தாம் பத்திரத்தில் அவர் பெயருக்கு எதிரே கைரேகையே உள்ளது. கணவர் இறந்த சில ஆண்டுகளில் நிலமும் வீடும் கொழுந்தனார் பெயரில் இருப்பதை மட்டும் அவர் கண்டார். இடையில் நடந்ததை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கதை அங்கே பிறந்திருக்கலாம் என்று கருதுகிறோம். இது எம் ஊகம், ஏடு கூறியதன்று. ஏடு கூறியது எது, நாம் ஊகித்தது எது என்று பிரித்து எழுதுவதே ஆய்வின் நேர்மை.

நகல்களை இரு கிளையினரும் ஒரே திண்ணையில் அமர்ந்து படித்தோம். ஐந்தாம் பத்திரத்தைப் படித்து முடித்தபோது எவரும் பேசவில்லை. நகை கொடுத்த அந்த அம்மையாரின் பெயர், எம் கிளையில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. இப்போது எங்கள் வம்சாவளித் தாளில் அவர் பெயரும் ஏறியுள்ளது. அதற்குப் பின் வந்த காதணி விழாவுக்கு இரு வீட்டாரும் வந்திருந்தனர்.

7. சில எச்சரிக்கைகள்

ஒன்று: இத்தேடல் சொத்துரிமை கோருவதற்காக அன்று. நூறாண்டுக்கு முன் கைமாறிய நிலத்தில் இன்று வாழ்வோர் குற்றமற்றவர். பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைக் கலங்கச் செய்தல் தகாது.

இரண்டு: ஏடும் முழு உண்மை கூறுவதில்லை. வாதி உரைத்தது வாதியின் பக்கம். பிரதிவாதி உரைத்தது அவர் பக்கம். தீர்ப்பு என்பது நீதிபதிக்கு முன் வைக்கப்பட்ட சான்றுகளின் முடிவு. பத்திரத்தில் எழுதிய தொகையும் கைமாறிய தொகையும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை.

மூன்று: பெண்களைத் தேடுங்கள். மனைவி, விதவை, கார்டியன், ஆயுள் அனுபவம் உடையவர் என்னும் நிலைகளிலேயே அவர்கள் தோன்றுவர். வம்சாவளியில் விடுபட்ட பெயர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

நான்கு: முன்னோருக்கு இழுக்கான செய்தி கிடைத்தாலும் மறைக்க வேண்டா. கடுவட்டி வாங்கியதும் ஏழையின் நிலம் ஏலம் போகக் காரணமானதும் சில ஏடுகளில் தெரியவரும். நன்மையை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது, வாழ்த்துப் பாவாகும்.

8. வீட்டுப் பயிற்சி

அடுத்த இதழ் வருவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

அ. வீட்டிலுள்ள பழைய தாள்களை நாள் வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்தி, ஆண்டு வரிசையில் அடுக்குக. பசலி இருப்பின் ஆங்கில ஆண்டை ஒரு தனித்தாளில் குறிக்க. மூலத்தின் மீது எழுதற்க.

ஆ. எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம், குடும்பத்தில் யார் என்ன வணிகம் செய்தார், எந்த ஊர்ச் சந்தைக்குச் சென்றார் என்று கேட்டு, அவர் கூறியபடியே எழுதுக. திருத்தற்க.

இ. அக்கதையில் வரும் ஒரு செய்தியைத் தேர்ந்து, அதனை எந்த ஏட்டில் சரிபார்க்கலாம் என்று எழுதுக. நிலமா, பதிவா, வழக்கா?

ஈ. பாட்டன், பூட்டன் பெயர்களோடு அவர்தம் மனைவியர் பெயர்களையும் சேர்த்து வம்சாவளி வரைக. எத்தனை இடம் வெற்றிடமாக உள்ளது என்று பிள்ளைகளையே எண்ணச் செய்க.

பழைய தாள் என்று எடைக்குப் போடுமுன் ஒரு முறை பிரித்துப் படியுங்கள். நம் வீட்டில் யாரோ ஒருவர் மீது தலைமுறை தலைமுறையாக ஏற்றி வைத்த பழியை இறக்கி வைக்கும் ஒற்றை வரி அதில் இருக்கக்கூடும்.